வானத்தில் இரண்டு, தரையில் பத்து!



மும்பை விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் எவ்வளவு தூரம்? சுமார் 1,030 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் வேகத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்தால், 1 மணி 17 நிமிடத்தில் வந்துவிட வேண்டும். ஆனால் டிக்கெட்டில் போட்டிருப்பதோ ஏறக்குறைய 2 மணி நேரம்! காரணம் உண்டு. நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல், வந்து மறுபடி நிற்கும் வரை அவர்கள் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

இது சரியான கணக்குதான். நாம் போடத் தவறுவது வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரைக்குமான கணக்கு.

எங்கள் ஆயா இறந்தது ஒரு கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் விடியற்காலை. மும்பையில் வேலை செய்யும் பெரியப்பா மகனுக்குப் போன் போட்டோம். அவரை வளர்த்ததே ஆயாதான். காலை 7 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார். 12 மணிக்குச் சென்னையில் இறங்கிவிட்டார். "வந்துட்டேன்டா, எடுத்துடாதீங்க" என்றார். அங்கிருந்து நம் ஊர் சுமார் 180 கிலோமீட்டர். தீபக் கூட்டம், நெரிசல், ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையம், அப்புறம் நடை. வாசலுக்கு வந்தபோது இரவு மணி 7. பெரியவர்கள் 5 மணிவரை பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

12 மணி நேரப் பயணம். வானத்தில் 2, தரையில் 10! விமானத்தின் வேகத்தை இரண்டு மடங்காக்கினாலும் மிச்சமாவது 40 நிமிடம்கூட இல்லை. ஆனால் அந்த 180 கிலோமீட்டரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடந்திருந்தால் மூன்று, மூன்றரைக்கே வந்திருப்பார். ஆயா முகத்தைப் பார்த்திருப்பார்.

"நம்ம ஊருக்கும் ஒரு ஏர்போர்ட் வேணும்பா" என்று டீக்கடையில் பேசுகிறோம். சென்னை–பெங்களூர் வான்வழியில் சுமார் 270 கிலோமீட்டர்தான். 20 நிமிடத்தில் பறக்கும் தூரம். அதற்கே டிக்கெட்டில் ஏறக்குறைய 1 மணி நேரம். ஒரு மணி முன்னாலேயே கவுண்டரில் நிற்கவும் வேண்டும். குறைந்த தூரத்தில் விமானத்துக்கு என்ன லாபம்? யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசித்தானாம்! திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் பாதைக்கு ஒப்புதல் கிடைத்துப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் 2024 மே மாதம் சென்னைக் கடற்கரையிலிருந்து நம் ஊருக்குத் தொடங்கிய ரயில் வேலூர் வழியாகச் சுற்றித்தான் வந்தது, சுமார் 6 மணி நேரம்! மும்பைக்குப் பறப்பதைப்போல மூன்று மடங்கு.

நண்பர்களே, நம்மில் விமானம் ஓட்டப்போகிறவர் எத்தனை பேர்? சாலை அளக்கப்போகிற சிவில்காரரும், பஸ் எஞ்சினைப் பிரிக்கப்போகிற மெக்கானிக்கல்காரரும், சிக்னலுக்குக் கம்பி இழுக்கப்போகிற எலக்ட்ரிகல்காரரும்தான் அதிகம். அந்த 10 மணி நேரம் நம் கையில் இருக்கிறது. வேலைக்குப் போனபின் "இது சின்ன ரோடுதானே" என்று ஒருநாளும் சொல்லாதிருப்போம். அதன் கடைசியில் யாரோ ஒருவருக்காக ஒரு வீடு காத்திருக்கும்!