செவிலியர் மாணவியருக்கு வார்டில் உண்மையான பயிற்சி வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
தனியார் செவிலியர் கல்லூரி மாணவர் – பெற்றோர் சங்கம்.

பெறுநர்:
1. அரசுச் செயலாளர், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை, தலைமைச் செயலகம், சென்னை.
2. பதிவாளர், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், கிண்டி, சென்னை.
3. பதிவாளர், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம், சென்னை.

பொருள்: சிறிய தனியார் கல்லூரியில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. நர்சிங் பயில்வோரின் மருத்துவமனைப் பயிற்சி, ஆசிரியர் பற்றாக்குறை, சான்றிதழ் முடக்கம் ஆகியவற்றில் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கத்தில் ஒரே கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் படிப்பவர்கள், அங்கேயே எம்.எஸ்சி. படிப்பவர்கள், படித்து முடித்துப் போனவர்கள், பெற்றோர் ஆகியோர் இருக்கிறோம். கல்லூரியின் பெயரை இம்மனுவில் எழுதவில்லை. அகமதிப்பெண் நிர்வாகத்தின் கையில் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் வெளிப்படையாகப் பேசாது. பெயரும் விவரங்களும் தனி உறையில் உள்ளன; விசாரணை அலுவலர் மட்டும் அதைப் பிரிக்க வேண்டுகிறோம்.

கல்லூரியை மூடச் சொல்லி நாங்கள் வரவில்லை. மகளைச் சென்னையிலோ மதுரையிலோ விடுதியில் விடத் துணியாத வீடுகளுக்கு, பக்கத்து ஊரில் இருக்கும் இந்தக் கல்லூரிதான் வழி. நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டிய பெற்றோர் பலர் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள். மூடினால் நடுவழியில் நிற்பது எங்கள் பிள்ளைகள். கல்லூரி இருக்கட்டும், அங்கே தரப்படும் பட்டத்துக்குரிய படிப்பும் இருக்கட்டும் என்றே கேட்கிறோம்.

செவிலியர் படிப்பு பாதி வகுப்பறையில், மீதி வார்டில். கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை வேண்டும், வார்டுப் பயிற்சியான போஸ்டிங்கில் ஒரு மாணவிக்கு 3 நோயாளிகளாவது கிடைக்க வேண்டும் என்று இந்திய செவிலியர் கவுன்சில் விதி வைத்திருக்கிறது. எங்கள் கல்லூரிக்கும் மருத்துவமனை இருக்கிறது. கட்டிலும் மெத்தையும் பெயர்ப்பலகையும் குறைவில்லை, நோயாளிகள்தான் இல்லை. ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் கட்டில்கள் நிரம்பிவிடும். யாரை வைத்து நிரப்புகிறார்கள் என்பதை, அன்று போர்வை போர்த்திப் படுக்கவைக்கப்பட்ட மாணவிகளே சொல்வார்கள்.

சொந்த மருத்துவமனையில் கிடைக்காததை அரசு மருத்துவமனையில் கற்றுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஒரே நேரத்தில் 60 பேர் போஸ்டிங் போனால் விதிப்படி 180 நோயாளிகள் தேவை. அதே வார்டுக்கு வேறு கல்லூரிகளின் பேருந்துகளும் வந்து நிற்கின்றன. ஒரு கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டம். ரத்த அழுத்தம் பார்க்கவே வரிசை. பொறுமையிழந்து “எத்தனை பேரும்மா கையைப் புடிப்பீங்க?” என்று கேட்கும் நோயாளியைக் குறை சொல்ல முடியாது. கூட வரவேண்டிய டியூட்டர் வராத நாள்களில் மாணவிகள் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு, மாலையில் பேருந்து ஏறுகிறார்கள். அன்றைய வருகைப்பதிவு முழுமையாக இருக்கும். செய்முறையில் 100 சதவீத வருகை இல்லாமல் பட்டம் இல்லை என்பது விதி. அந்த 100 சதவீதம் பேனாவால்தான் எட்டப்படுகிறது.

இதன் மோசமான முகம் பிரசவ அறையில் தெரிகிறது. பட்டம் முடித்தவர் குழுமத்தில் பதிவு செய்யும்போது செவிலியர், மகப்பேறு செவிலியர் என்ற இரண்டு தகுதிகளையும் பெறுகிறார். இத்தனை கர்ப்பிணிகளைப் பரிசோதித்திருக்க வேண்டும், இத்தனை பிரசவம் பார்த்திருக்க வேண்டும் என்று பாடத்திட்டம் எண்ணிக்கை வைத்திருக்கிறது. எங்கள் மாணவிகளின் செய்முறைப் பதிவேடான லாக் புக்கில் அந்த எண்ணிக்கை தவறாமல் இருக்கும். அது பலர் சீனியர்களின் லாக் புக்கைப் பார்த்து எழுதியது. வாசலில் நின்று எட்டிப் பார்த்ததோடு பலருக்கு மகப்பேறு போஸ்டிங் முடிந்துவிடுகிறது. ஆண் மாணவர்களுக்கு அந்த வாசலும் இல்லை. இவர்களில் ஒருவர் நாளை ஒரு கிராமத்து மருத்துவமனையில் நைட் டியூட்டியில் தனியாக இருக்கும்போது, பிரசவித்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்காவிட்டால் என்ன செய்வார்? ஸ்கில் லேபில் இருக்கும் டம்மிக்கு ரத்தம் வருவதில்லை.

முன்பு வரிசை வேறாக இருந்தது. 1902-இல் வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் மருத்துவமனை கட்டினார். அங்கே செவிலியர் பள்ளி 1909-இல் வந்தது. பட்டப்படிப்பு 1946-இல்தான் தொடங்கியது. நோயாளிகள் முதலில், படிப்பு பிறகு. இன்று வகுப்பறைக்கு அனுமதி வாங்கிவிட்டு நோயாளியைத் தேடுகிறோம்.

ஆகவே, ஆய்வு முன்னறிவிப்பின்றி நடக்க வேண்டும். ஆய்வுக் குழு கல்லூரி முதல்வர் அறையில் தொடங்காமல் வார்டில் தொடங்க வேண்டும். உள்நோயாளிப் பதிவேடு, மருந்தகக் கணக்கு, பிரசவப் பதிவேடு மூன்றையும் மாணவிகளின் லாக் புக்கோடு ஒப்பிட வேண்டும். மாவட்டத்தில் உள்ள அரசு மருத்துவமனைகளில் எந்தக் கல்லூரி, எந்த வார்டில், எந்த வாரம் என்ற பொது அட்டவணையை இணை இயக்குநர் அலுவலகமே வகுத்து வெளியிட வேண்டும். நோயாளி எண்ணிக்கைக்கு மேல் எந்தக் கல்லூரிக்கும் இடம் தரக்கூடாது. புதிய பாடத்திட்டத்தில் எட்டாவது பருவம் முழுக்க 22 வார இன்டர்ன்ஷிப் என்பதால் இது இன்னும் அவசரம். அந்த வாரங்களில் மாணவிகள் ஸ்டாஃப் நர்ஸ் வேலையைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு உதவித்தொகை நிர்ணயிக்க வேண்டும். அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாய், போஸ்டிங் போய்வரும் செலவில் கரைகிறது.

அடுத்தது ஆசிரியர்கள். 10 மாணவர்களுக்கு ஒருவர் என்பது விதி. பட்டியலில் இருக்கும் பெயர்கள் சரியாகத்தான் இருக்கின்றன. அவர்களில் சிலரை ஆய்வு நாளில் மட்டுமே பார்த்திருக்கிறோம். 2024-இல் பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளில் காட்டப்பட்டது வெளியானதைத் தாங்கள் அறிவீர்கள். செவிலியர் கல்லூரிகளில் அதே சோதனையைச் செய்யக் கோருகிறோம். குழுமப் பதிவு எண், வங்கி வழியாகச் சென்ற சம்பளம், தினசரி விரல்ரேகைப் பதிவு மூன்றையும் ஒப்பிட்டாலே போதும். வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

எம்.எஸ்சி. மாணவிகளின் நிலை இதோடு பின்னிக்கிடக்கிறது. இருப்பவை சொற்ப இடங்கள்; சேர்ந்தவர்கள் முதல் மாதத்திலிருந்தே இளநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். கட்டணம் கட்டிப் படிப்பவரே சம்பளமில்லா டியூட்டர். ஆய்வேட்டுக்கு வழிகாட்டி என்று கையெழுத்திடுபவர் அத்துறையில் முதுநிலை படித்தவராகவே இருப்பதில்லை. மனநலச் செவிலியத்தை எடுத்தவருக்கு சமூக நலச் செவிலியம் படித்தவர் வழிகாட்டுகிறார். தகுதியான வழிகாட்டி இல்லாத துறையில் அவ்வாண்டு சேர்க்கையைப் பல்கலைக்கழகம் நிறுத்த வேண்டும். இதில் எங்களுக்குள்ளேயே மாற்றுக் கருத்து உண்டு. விவாதித்தபின், இடம் குறைந்தாலும் பரவாயில்லை என்றே முடிவு செய்தோம்.

எம்.எஸ்சி. சேர பி.எஸ்சி. முடித்து ஓராண்டு பணி அனுபவம் வேண்டும். உள்ளூர் மருத்துவமனைகள் பணி நியமன ஆணை தருவதில்லை. சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுக்கின்றன. அந்த அனுபவத்தை எதைக் காட்டி நிரூபிப்பது? சம்பளத்தைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றம் 2016-இல் பிறப்பித்த உத்தரவின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியரின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. அதை நடைமுறைப்படுத்த அரசாணை வேண்டும்.

இவை அனைத்துக்கும் ஆணை, அட்டவணை, அவகாசம் தேவைப்படும். கீழ்க்கண்டதற்குத் தேவைப்படாது. சேரும்போது வாங்கிய பிளஸ் டூ மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்று ஆகிய அசல்களைக் கல்லூரி வைத்துக்கொண்டிருக்கிறது. படிப்பு முடிந்தபின் தங்கள் மருத்துவமனையிலேயே வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்தால்தான் தருவோம் என்கிறார்கள். அசல் சான்றிதழ் இல்லாமல் குழுமத்தில் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. கடைசித் தேதி தவறிப்போனவர்கள் எங்களில் இருக்கிறார்கள். 15 நாள்களுக்குள் எல்லா அசல் சான்றிதழ்களையும் திருப்பித் தரவும், எழுதி வாங்கிய பிணைப்பத்திரங்களை ரத்து செய்யவும் பல்கலைக்கழகம் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

2023-ஆம் ஆண்டின் தேசிய செவிலியம் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டம், 1947-இன் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக வந்தது. அதன்படி மாநில அமைப்பு இயங்கும்போது, மாணவர்கள் நேரடியாகப் புகார் அளிக்கவும், புகார் தந்தவரின் செய்முறைத் தேர்வை வேறு கல்லூரியில் நடத்தவும் வழி செய்ய வேண்டும்.

எங்கள் பிரதிநிதிகளை நேரில் சந்திக்க நாள் ஒதுக்கித் தருமாறும், சான்றிதழ் தொடர்பான கோரிக்கைக்கு மட்டுமாவது உடனடியாக எழுத்துப்பூர்வமாகப் பதில் அளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இணைப்பு: உறுப்பினர் கையெழுத்துப் பட்டியல், சான்றிதழ் திரும்பக் கிடைக்காதோர் விவரம், முத்திரையிட்ட தனி உறை.