இழை எங்கே போயிற்று?

செல்லின் படம் வரையாத மாணவர் உண்டோ? அதில் மைட்டோகாண்ட்ரியாவை அவரை விதைபோல் நாலைந்து இடங்களில் தனித்தனியே வரைகிறோம். 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று எழுதி முழு மதிப்பெண்ணும் பெறுகிறோம். இந்தப் படம் பாதி உண்மையே. மறுபாதியையும் பாடநூலில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

1898-இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெண்டா, 'இழை', 'மணி' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்தே இதற்குப் பெயரிட்டார். தமிழிலும் 'இழைமணி' என்ற அழகிய சொல் உண்டு. நம் படத்தில் மணி இருக்கிறது, இழை இல்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் மிக மெல்லிய சீவல்களையே பார்த்துப் பழகியது இதற்கு ஒரு காரணம். முருங்கைக்காயைக் குறுக்கே நறுக்கினால் வட்டமாகத்தான் தெரியும். அதனால் முருங்கைக்காய் உருண்டை என்போமா?

உயிருள்ள செல்லில் இழைமணிகள் நீளுகின்றன, கிளைக்கின்றன, ஒன்றோடொன்று இணைகின்றன, மீண்டும் பிரிகின்றன. இணைக்கும் வேலையைச் செய்பவை புரதங்கள். வெளிச்சவ்வை மைட்டோஃபியூசின் 1, 2 ஆகியவையும், உட்சவ்வை ஓபா-1 என்பதும் இணைக்கின்றன. இவ்வகைப் புரதம் ஒன்று 1997-இல் பழ ஈயில் கண்டறியப்பட்டது.

இணைவதால் என்ன பயன்? இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்து மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நடுக்கடலில் எஞ்சின் பழுதான படகை மற்றொரு படகு கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வரும் அல்லவா? அதுபோலவே குறையுள்ள இழைமணி, நல்லதோடு இணைந்து அதன் புரதங்களையும் டி.என்.ஏ.வையும் பகிர்ந்துகொண்டு தேறுகிறது. ஒரே வேற்றுமை: படகுகள் இரண்டாகவே கரை சேரும், இழைமணிகள் ஒன்றாகக் கலந்துவிடும். மிகவும் பழுதானதைப் பிரித்து அழிக்கவும் செல்லுக்கு வழி உண்டு.

இது வெறும் படத்தைப் பற்றிய வழக்கு அன்று. ஓபா-1 மரபணுவில் பிழை நேர்ந்தால் பார்வை நரம்பு நலிவதை 2000-இலும், மைட்டோஃபியூசின்-2 மரபணுவில் பிழை நேர்ந்தால் கால், கை நரம்புகள் நலிந்து நடை தளர்வதை 2004-இலும் கண்டறிந்தனர். இத்தகைய நோயுள்ள பிள்ளை நம் வகுப்பிலும் இருக்கலாம். தனித்தனி விதைகளாகவே படித்தவருக்கு அந்த நோய் எப்படிப் புரியும்?

படம் சிக்கலானால் மாணவர் குழம்புவர் என்பார்கள் சிலர். இரு விதைகளை இணைத்து ஓர் இழையாக்க இரண்டு கோடுகள் போதுமே! மாணவ நண்பர்களே, அடுத்த முறை செல்லை வரையும்போது மணிகளோடு ஓர் இழையையும் வரையுங்கள். ஆசிரியர் ஏன் என்று கேட்டால், காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள்.