கேட்டுட்டு எடுங்க

கொத்தமல்லி விலை பத்தி எழுதச் சொல்லி ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. அது அடுத்த தடவை. இப்போ நிலம் எடுக்கிற சங்கதி.

2023 தொடக்கத்தில் எங்க பக்கம் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் சிப்காட்டுக்கு சுமார் 3 ஆயிரம் ஏக்கர் எடுக்கக் கூடாதுன்னு விவசாயிகள் நாள்கணக்கா உட்கார்ந்து போராடினாங்க. வளர்ச்சிக்கு முட்டுக்கட்டைன்னு டவுன்ல பேசினவங்களும் உண்டு. கம்பெனியே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். எங்க ஊர்ப் பசங்க கம்பெனி பஸ் ஏறித்தான் வேலைக்குப் போறாங்க. கேட்டுட்டு எடுங்கன்னுதான் சொல்றேன்.

கேக்காம எடுக்கிறது பழைய பழக்கம். 1792-ல் திப்பு சுல்தான்கிட்ட இருந்து பாரமகால் கும்பினி கைக்குப் போச்சு. எங்க ஓசூர் பக்கம் 1799-ல், திப்பு செத்த பிறகு. ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்து, குடியானவனோட நேரா வரி பேசின ரயத்துவாரி முறை பாரமகாலில்தான் தொடங்கினது. சென்னையில் தீவுத்திடல்கிட்ட குதிரை மேல இருக்காரே, அதே மன்றோதான். அதில் நல்லதும் உண்டு, நடுவில் ஜமீன் இல்லை. ஆனா போகப்போக உழாத தரிசு, மேய்ச்சல், காடு எல்லாம் சர்க்கார் கணக்குக்குப் போயிடுச்சு. ஆடு மேய்ச்சவங்களுக்கும் தேன் எடுத்த இருளருக்கும் கையில் காகிதம் இல்லை. 1894 சட்டம் வந்தப்புறம் பொதுக்காரியம்னு சொல்லி பட்டா நிலத்தையும் எடுக்கலாம்னு ஆச்சு.

அந்தச் சட்டத்தை மாத்த 2013 ஆச்சு. புதுச் சட்டத்தில், தனியார் கம்பெனிக்கு நிலம் எடுத்தா 80 சதவீதம் பேர் சம்மதம் வேணும், ஊருக்கு என்ன பாதிப்புன்னு முன்னாடியே ஆராயணும். நம்ம மாநிலம் என்ன பண்ணுச்சு? தன்னோட 1997 தொழில் நில எடுப்புச் சட்டத்துக்கு இதெல்லாம் பொருந்தாதுன்னு திருத்தம் போட்டுச்சு. இழப்பீட்டுக் கணக்கை மட்டும் புதுச் சட்டப்படி வச்சுக்கிட்டாங்க. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்ல, அதே வருஷம் மறுபடி சட்டம் போட்டு உயிர் கொடுத்தாங்க. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கிச்சு. சட்டப்படி சரி. நியாயப்படி சரின்னு என்னால சொல்ல முடியலை.

ஒடிசா நியமகிரி மலையில் பாக்சைட் வெட்ட, மலைவாழ் டோங்கிரியா கோந்த் மக்களோட கிராமசபையைக் கேளுங்கன்னு 2013-ல் இதே உச்ச நீதிமன்றம்தான் சொல்லுச்சு. 12 கிராமசபையும் முடியாதுன்னுச்சு, திட்டம் நின்னுபோச்சு. அது வன உரிமைச் சட்டம் கொடுத்த பலம். கனடாவில் ஜேம்ஸ் விரிகுடா மின்திட்டத்துக்கு கிரீ, இனுயிட் மக்களோட 1975-ல் ஒப்பந்தம் போட்டாங்க, அதுவும் அவங்க கோர்ட்டுக்குப் போன பிறகு. முடியாதுன்னு சொல்ல வழி இருந்தாத்தானே அதுக்குப் பேர் ஒப்பந்தம்? இல்லேன்னா அது நோட்டீஸ்.

பட்டாதாரனுக்காவது பணம் வரும். ஆனா அந்த நிலத்தில் கூலிக்கு ராகி அறுக்கிற அம்மாவுக்கும், குத்தகைக்குத் தக்காளி போடுறவனுக்கும் யார்கிட்டப் போய்க் கேக்கிறதுன்னே தெரியாது.

என் யோசனை இதுதான். முதல்ல கிராமசபையில் வச்சு ஓட்டெடுங்க. சரின்னா, வாங்காம 30 வருஷக் குத்தகைக்கு எடுங்க, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வாடகையை ஏத்துங்க. கம்பெனி மூடினா நிலம் எங்களுக்கே திரும்பணும். டவுன்ல கடையை வாடகைக்கு விடுற உங்களுக்கு இதில் புரியாதது ஒன்னும் இருக்காது.