மனசுக்கும் இரண்டு சாவி



இந்த இதழில் மண்ணைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம், விதையைப் பற்றி எழுதியிருக்கிறோம். இந்த முறை என் மனசு செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிலர் என்மேல் கோபப்படலாம். பரவாயில்லை.

நான் முப்பத்துமூன்று வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டெல்டாவின் கடைமடையில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கரில் சம்பா பட்டத்தில் தூயமல்லி போடுகிறேன். இயற்கை வழிக்கு வந்த மூன்றாவது வருடம், கார்த்திகை மாதம். நாலு நாள் அடைமழை. மழை விட்டபிறகு போய்ப் பார்த்தால் கீழ்வயல் ஒரு ஏக்கரும் மஞ்சள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. செல்போனை எடுத்து வைத்துக்கொண்டு வீடியோவாகப் பார்த்தேன். ஒருத்தர் துத்தநாகப் பற்றாக்குறை என்றார், ஒருத்தர் நோய் என்றார், இன்னொருத்தர் தழைச்சத்து இல்லை என்றார். ஒரு மணிக்கு வீட்டுக்காரம்மா எழுந்து, "பேங்க்ல ஆடிட் நடக்கும்போதுகூட நீங்க இப்படி உக்காந்து நான் பாத்ததில்லையே" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போனேன். இரண்டு மூட்டை யூரியா வாங்கி வந்து வீசினேன். ஆமாம், யூரியாதான்.

செலவு அறுநூறு ரூபாய்கூட ஆகவில்லை. பயிர் கருகருவென்று பச்சை கட்டியது. பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழு வந்தது. தை மாதம் கதிர் முற்றுகிற நேரத்தில் லேசான மழைக்காற்றுக்கே, உயரமாக வளரும் ரகம் இல்லையா, பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. ஈரத்தில் கிடந்து பாதி முளைத்துப்போனது. மீதியை இயற்கை நெல் என்று விற்க மனசு வரவில்லை. கொள்முதல் நிலையத்தில் போட்டேன். அந்த வயலுக்கு மாற்றுக் காலம் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது.

மேலத்தெருப் பெரியவர் ஒருவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தம்பி, வடிகால்ல ஆகாயத்தாமரை அடைச்சுக் கெடந்துச்சே, அத எடுத்துவிட்டு தண்ணிய வடிச்சிருந்தா பயிரு தன்னால தேறியிருக்குமே. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? அதற்கு முந்தைய மாதம்தான் நம் கூட்டத்தில் மைக் பிடித்து, "மண்ணை நம்புங்கள்" என்று பேசியிருந்தேன். பேசிய வாயால் போய் என் வயல் மஞ்சளாக இருக்கிறது என்று சொல்ல வெட்கம். மண் அதுபாட்டுக்கு இருந்தது. நான்தான் நம்பிக்கையை விட்டேன்.

எனக்குத் தெரியாமல் நடந்த தப்பு இல்லை இது. தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறும், இலை மஞ்சளாகும் என்று பயிற்சியில் நானே குறிப்பெடுத்திருக்கிறேன். தெரிந்தது அந்த ராத்திரி ஞாபகத்துக்கு வரவில்லை. அதைத்தான் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அறுவடைக்கு முன்னால், அறுவடைக்குப் பின்னால்

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டவர்கள் செய்தது. கரும்புக்காரருக்கு வருடத்தில் ஒரு தடவைதான் பெரிய பணம். வெட்டுவதற்கு முன் கையில் காசு இருக்காது, வெட்டிய பின் இருக்கும். அதே ஆட்களுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை யோசிக்கும் திறனைச் சோதித்தார்கள். அறுவடைக்கு முன்னால் அதே மனிதர் மெதுவாகப் பதில் சொன்னார், அதிகம் தப்பு செய்தார். ஆலை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு மாதத்தில் வெட்டு உத்தரவு கொடுப்பதால், பருவகாலம்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு. அறுவடைக்கு முன்னால் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 78 பேர். பின்னால் 4 பேர்.

இதைப் படித்தபோது என் கவுன்டர்தான் கண்முன்னால் வந்தது. நகைக்கடனுக்கு நிற்கிறவர்களிடம் படிவத்தை நீட்டி, "இங்க, இங்க, இங்க" என்று கையெழுத்து வாங்குவோம். வட்டி என்ன, தவணை எப்போ, ஏலத்துக்கு எப்போ போகும் என்று பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். படிப்பு இல்லாதவர்கள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டப்படிப்பு படித்த நான் அந்தக் கார்த்திகையில் என்ன செய்தேன்? கவலை உட்கார்ந்த தலையில் வேறெதற்கும் இடம் இருப்பதில்லை. படித்தவன் படிக்காதவன் எல்லாருக்கும் அப்படித்தான்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பென்ஷன் வருகிறது. நெல் மொத்தமும் போனாலும் என் வீட்டில் அடுப்பு எரியும். குத்தகைக்கு எடுத்து, வட்டிக்கு வாங்கி நடவு போட்ட பக்கத்து வயல் தம்பியிடம் போய், "மனசை அமைதியா வச்சுக்கப்பா, தியானம் பண்ணு" என்று நான் சொன்னால் அது அக்கிரமம். கட்டுப்படியாகும் விலை, சரியான நேரத்தில் இழப்பீடு, நியாயமான வட்டி, இவற்றுக்கு மனப்பயிற்சி மாற்று ஆகாது. அந்தப் போராட்டம் தனியாக நடந்தே ஆக வேண்டும். ஆனால் போராடுவதற்கும் தெளிந்த தலை வேண்டுமே. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெளிந்த நாளில் எடுக்கும் முடிவு

வங்கியில் ஸ்ட்ராங் ரூமை ஒரே ஆள் திறக்க முடியாது. இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகள் கையில் இருக்கும். இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். யாரையும் திருடன் என்று நினைத்து அப்படி வைக்கவில்லை. எந்த நல்ல மனிதனுக்கும் ஒரு கெட்ட நாள் வரும் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

அதை இப்போது வயலுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மாசி மாதம், அறுவடை முடிந்து களத்து வேலை ஓய்ந்தபிறகு, ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருகிறேன். இந்த வருடம் எவ்வளவு வரை கடன் வாங்கலாம், எந்த ரகம், பயிர் மஞ்சளானால் முதலில் எதைப் பார்ப்பது, புகையான் தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது, எல்லாவற்றையும் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுகிறேன். கார்த்திகை, மார்கழியில் பதற்றம் வந்தால் புதிதாக யோசிப்பது இல்லை. நோட்டைத் திறந்து படிக்கிறேன்.

கூடவே ஒரு கட்டுப்பாடு. நடவிலிருந்து அறுவடை வரை, வயலுக்குள் புதிதாக எது போவதானாலும், வீட்டிலிருந்து ஐயாயிரத்துக்கு மேல் எது வெளியே போவதானாலும், ஒரு ராத்திரி கழியணும், இன்னொருத்தரிடம் வாய்விட்டுச் சொல்லணும். என் இரண்டாவது சாவி வயல் விஷயத்தில் அந்த மேலத்தெருப் பெரியவர், பண விஷயத்தில் வீட்டுக்காரம்மா. போன வருடம் மட்டும் மூன்று தடவை இந்த இரண்டாவது சாவி என்னைக் காப்பாற்றியது.

தினசரிப் பயிற்சி என்றால் நான் செய்வது சின்னது. காலையில் செல்போனை வீட்டில் வைத்துவிட்டு ஒரே ஒரு வரப்பை மட்டும் மெதுவாக நடக்கிறேன். மூச்சை இழுக்கிற நேரத்தைவிட விடுகிற நேரத்தை நீட்டுகிறேன். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். அது உடம்பின் இயல்பு, மந்திரம் எதுவும் இல்லை. பத்து நிமிடம் போதும். ஒரு நாளில் பலன் தெரியாது. மூடாக்கு போட்ட மறுநாளே மண்புழு வருமா என்ன? ராத்திரி எட்டு மணிக்கு மேல் வானிலையும் விலையும் பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். ராத்திரி பார்த்து எந்த மேகத்தையும் நகர்த்த முடியாது.

நம் கூட்டத்துக்கு ஒரு வேண்டுகோள்

யூரியா போட்டதை ஒரு வருடம் மறைத்தேன். பிறகு ஒரு மாதக் கூட்டத்தில் தேநீர் நேரத்தில் நாலைந்து பேரிடம் சொன்னேன். ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் இரண்டு பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாங்களும் ஒரு தடவை போட்டுட்டோம் சார், யார்கிட்டயும் சொல்லல" என்றார்கள். அதில் ஒருவர் இயற்கை விவசாயத்தையே விட்டுவிடலாம் என்று இருந்தவர். இன்றைக்கும் நம்மோடு இருக்கிறார்.

நம் மேடைகளில் ஜெயித்த கதைகள்தான் ஏறுகின்றன. ஏக்கருக்கு இத்தனை மூட்டை, இத்தனை லாபம். புதிதாக வருகிறவர், முதல் இரண்டு வருடம் விளைச்சல் இறங்கும்போது, தான் மட்டும்தான் தோற்றோம் என்று நினைத்துக்கொள்கிறார். அந்த நினைப்புதான் அவரைத் தின்கிறது. ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் அரை மணி நேரத்தை நஷ்டக் கதைகளுக்கு ஒதுக்குங்கள். அறிவுரை வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும். அடுத்த கூட்டத்தில் முதலில் பேச நான் தயார்.

இன்னொன்று. வங்கியில் எங்களுக்குத் தெரிந்த முதல் அபாய அறிகுறி, அடிக்கடி வரும் கடன்தாரர் திடீரென்று வராமல் போவது. திட்டிச் சண்டை போடுகிறவர் சமாளித்துவிடுவார். வராதவர்தான் கஷ்டத்தில் இருப்பார். இரண்டு கூட்டத்துக்கு ஒருத்தர் வரவில்லையென்றால் வாட்ஸ்அப்பில் கேட்டு விட்டுவிடாதீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். பேச்சில் உயிர் வெறுத்த சாயல் தெரிந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் டாக்டரைப் பார்க்கிறோம். இதற்குப் பார்ப்பதில் கூச்சம் எதற்கு?

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் இரண்டாவது சாவி யார் என்று ஒரு தாளில் பெயர் எழுதுங்கள். எழுதிவிட்டு, அவரிடமே போய்ச் சொல்லுங்கள்.