பெண்கள் கையில் காமிரா



1984ஆம் ஆண்டில் அகமதாபாத் நகரில், இலா பட் அம்மையார் ஸ்தாபித்த, சுயதொழில் புரியும் பெண்களின் சங்கமான சேவாவின் ஸ்திரீகள், எழுத்தறியாத காய்கறி வியாபாரிகள் உட்பட, அமெரிக்கரான மார்த்தா ஸ்டூவர்ட்டிடம் வீடியோப் பயிற்சி பெற்றுத் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமாக்கினார்கள் என்பதை நினைக்கும்போது, செல்லுலார் சிறையையும் கடற்கரையையும் நாடியே சினிமாக்காரர்கள் பெரும்பாலும் வந்துபோகும் எங்கள் அந்தமான் நிகோபார் தீவுகளில், அத்தகைய முயற்சி ஏன் வேரூன்றலாகாது என்று தோன்றுகிறது.

இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியேற்றப்பட்ட கச்சால் தீவிலும், லிட்டில் அந்தமானின் ஹட்பேயிலும், அடிப்பதை மட்டுமன்றி, இழிவாக வைவதையும் செலவுக்குப் பணம் மறுப்பதையுங்கூடக் வன்முறையென்றே 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கொள்கிறது என்பதை, துண்டுப் பிரசுரத்தினும் அண்டை வீட்டுப் பெண்கள் நடித்த பத்து நிமிஷப் படம் தெளிவாக உணர்த்தும்.

ஆனால் ஒரு விஷயம். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறு தீவில், அடிபட்டவளையே திரையில் பேசவைத்தால், படம் முடிந்தபின் அவள் எந்த வீட்டுக்குத் திரும்புவாள்? ஆகவே சாட்சியமாக அன்றி நாடகமாக எடுப்பதும், ஆடவரையும் உட்காரவைத்துக் காட்டி விவாதிப்பதுமே உசிதம். இதற்கான பயிற்சிக்குத் தீவு நிர்வாகம் வழிசெய்யுமாறு தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
ஸ்ரீ விஜயபுரம் (முன்னாள் போர்ட் பிளேர்)