புள்ளி தப்பினால் அளவு தப்பும்

நோயாளி ஒருவர் வீடு திரும்பும் முன்னரும், சிகிச்சையின் போக்கை மாற்ற வேண்டிய வேளையிலும், குடும்பத்தாரை அழைத்து அமர்ந்து பேசுவது நம் மருத்துவமனையின் வழக்கம். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், நோயாளி, அவருடைய வீட்டார் என ஐந்தாறு பேர் அரை மணி நேரம் பேசுவோம். பேசியவற்றை எங்களில் ஒருவர் குறித்துக்கொள்வார். முன்பு கோடிட்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். சில மாதங்களாகப் பேனாவால் எழுதும் கையடக்கக் கணினியில் எழுதுகிறோம். டேப்லெட் என்றதும் மாத்திரை என்று எண்ணிவிட வேண்டாம். சிலேட்டுப் பலகையைப் போன்ற அந்தக் கண்ணாடிக் கருவியையே குறிப்பிடுகிறோம்.

அந்தக் கூட்டங்களில் அமர்ந்த பலர் கவனித்திருப்பீர்கள். நீங்கள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஒன்றைக் கேட்கும் நேரத்தில், எழுதுபவர் பேனாவைத் தட்டிப் பார்ப்பார், திரையைத் துடைப்பார், "ஒரு நிமிடம் பொறுங்கள், அம்மா" என்பார். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய கண்கள் கருவியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காக நாங்கள் வருந்துகிறோம். ஏன் அப்படி நேர்கிறது என்பதையும், அதில் நாங்கள் கற்றது என்ன என்பதையும் உங்களிடம் சொல்வது முறை என்று கருதுகிறோம்.

தாள் பேனாவைச் சற்றே பிடித்து நிறுத்தும், கண்ணாடி வழுக்கிவிடும். எழுதும் கையைப் பலகைமேல் ஊன்றினால், அந்தத் தொடுதலையும் எழுத்தென்று கொண்டு கோடு இழுத்துவிடுவதுண்டு. இவை எல்லா ஊர்களுக்கும் பொதுவான தொல்லைகள். நீலகிரிக்கென்று சில தனித் தொல்லைகளும் உண்டு. இத்தகைய திரை விரலின் மின்தன்மையை உணர்ந்து இயங்குவது. கம்பளிக் கையுறை அணிந்த விரலை அது அறியாது. படிந்த நீர்த்துளியையோ விரலென்று மயங்கும். மூடுபனி சன்னல் வழியே உள்ளே வரும் ஊரில் இது சிறிய குறையன்று. உறைபனி விழும் சனவரிக் காலையில் மின்கலமும் வழக்கத்தைவிட விரைவில் இறங்கிவிடுகிறது. ஒப்புதல் படிவத்தைத் திரையில் நீட்டும்போது, ஆண்டுக்கணக்கில் கொழுந்து கிள்ளிக் காய்த்த விரல்கள் கண்ணாடிமேல் தடுமாறுவதையும் கண்டிருக்கிறோம். அப்போது தவறு தம்முடையது என்று எண்ணி அவர்கள் கூச்சப்படுவதுதான் எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் வசதி இன்னொரு சோதனை. உலகெங்கும் இது நெடுங்காலச் சிக்கல். 1993இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த நியூட்டன் என்னும் கருவி ஆங்கிலக் கையெழுத்தையே தவறாகப் படித்து நகைப்புக்கு உள்ளானது. 1998இல் அதன் உற்பத்தி நின்றது. தமிழுக்காகவும் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் இருந்த எச்.பி. ஆய்வகத்தார் நம் 247 எழுத்துகளையும் எழுதப் போதுமானவையாக 156 குறிகளை வகுத்து, பலருடைய கையெழுத்து மாதிரிகளைத் திரட்டினர். 2006இல் அவற்றைக் கொண்டு ஆய்வாளர்களுக்கு ஒரு போட்டியும் நடந்தது. அதன்பின் கருவிகள் பெரிதும் தேறியுள்ளன. ஆயினும் எங்கள் குறிப்பு தூய தமிழில் அமைவதில்லை. மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். அளவு எண்ணில் இருக்கும். படகர் வீட்டுப் பெரியவர் தம் வலியைத் தம் மொழியில் சொன்ன சொல் தமிழ் எழுத்தில் இருக்கும். அவசரமாக எழுதப்படும் இந்தக் கலவையில் கருவி தடுமாறுகிறது.

இவையெல்லாம் எரிச்சல்கள், பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்றும் நேர்ந்தது. சென்ற மழைக்காலத்தில், குந்தாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்த மூதாட்டிக்கு, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைப் பற்றிப் பேசினோம். மருத்துவர் சொன்ன அளவு 2.5 மில்லிகிராம். கூட்டம் முடிந்து எழும் நேரத்தில் பேத்தி, "பாட்டிக்கு நான்தான் மாத்திரை எடுத்துக் கொடுப்பேன். எழுதியதை ஒருமுறை வாசியுங்கள், சிஸ்டர்" என்றாள். செவிலியர் திரையைப் பார்த்து "இருபத்தைந்து" என்று வாசித்தார். "இரண்டரை என்றல்லவா டாக்டர் சொன்னார்?" என்று அவள் கேட்டபோது அறையில் எவரும் பேசவில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து பத்து மடங்கானால் என்ன ஆகும் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும்.

பேனா முனையை ஓரளவு அழுத்தினால்தான் கருவி அதை எழுத்தென்று ஏற்கும். புள்ளியோ, மெல்லத் தொட்டு எடுப்பது. விரைந்து எழுதிய கை புள்ளியை வைத்தது. கண்ணாடி அதை ஏற்கவில்லை. புள்ளி தொலைவது நம் மொழிக்குப் புதிதன்று. ஓலை கிழியுமென்று அஞ்சி, முன்னோர் எழுத்தாணியால் மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்தாமல் விட்டனர். பின்னாளில் அந்தச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் எது மெய், எது உயிர்மெய் என்று சொற்பொருளைக் கொண்டே தெளிய வேண்டியிருந்தது. சுவடியில் பொருளைக் கொண்டு புள்ளியை மீட்கலாம். மருந்தின் அளவில் அப்படி ஊகிக்க இடமில்லை.

பழைய நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிடலாமே என்று கேட்பீர்கள். நாங்கள் அவ்வாறு சொல்லமாட்டோம். நோட்டுப் புத்தகம் அலமாரியில் தங்கிவிடும். கருவியில் உள்ள குறிப்பு நோயாளி வேறு பிரிவுக்குச் சென்றாலும் அவருக்கு முன்னே சென்று சேரும். தாளிலும் புரியாத கையெழுத்துகள் உண்டு என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்? எங்கள் குறை வேறொன்றில் இருந்தது. குறிப்பு கருவிக்குள் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிட்டோம். நோட்டுப் புத்தகக் காலத்தில், எழுதியதில் ஒரு தாளைக் கிழித்தாவது உங்களிடம் தருவோம். கருவி வந்தபின் நீங்கள் வெறுங்கையுடன் வீடு திரும்பினீர்கள்.

மருத்துவர் கூறுபவற்றில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிகள் உடனேயே மறந்துவிடுகிறார்கள் என்று, முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான பிரித்தானிய மருத்துவ இதழ்க் கட்டுரை ஒன்று கூறுகிறது. அச்சமும் முதுமையும் மறதியைக் கூட்டும். பேருந்தில் மலைச்சாலை வளைவுகளைக் கடந்து வீடு சேர்வதற்குள் எத்தனை நினைவிருக்கும்? குறிப்பு எங்களுக்கு வேண்டியதைவிட உங்களுக்கே மிகுதியாக வேண்டும்.

ஆகவே, எங்கள் பிரிவில் இப்போது மூன்று வழக்கங்களைக் கைக்கொண்டுள்ளோம். எல்லாப் பிரிவுகளிலும் இவை வர வேண்டும் என்பது எங்கள் கருத்து. கூட்டம் முடியும் முன் குறிப்பை உரக்க வாசிக்க வேண்டும். மருந்தின் அளவை எண்ணால் மட்டுமன்றி, "இரண்டரை", "அரை" என்று எழுத்தாலும் எழுத வேண்டும். புள்ளிக்கு முன் எண் இல்லாவிடில் சுழியம் இட வேண்டும். முழு எண்ணுக்குப்பின் புள்ளியும் சுழியமும் இடலாகாது. .5 என்பது 5 ஆகவும், 1.0 என்பது 10 ஆகவும் படிக்கப்பட்டு விபரீதங்கள் நேர்ந்ததால், மருந்துப் பாதுகாப்பு வல்லுநர் உலகெங்கும் வலியுறுத்தும் விதி இது. மூன்றாவதாக, மருந்து, அளவு, வேளை, மீண்டும் வர வேண்டிய நாள், உடனே வர வேண்டிய அறிகுறிகள் ஆகியவற்றைத் தாளில் எழுதி வீட்டாரிடம் தர வேண்டும்.

உங்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. தாள் கையில் வரும்வரை எழுந்து செல்லாதீர்கள். "வாசித்துக் காட்டுங்கள்" என்று கேட்கத் தயங்காதீர்கள். படித்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்ற எண்ணம் வேண்டா. வாசிக்கக் கேட்டபின், நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் பேச்சிலேயே எங்களுக்குத் திருப்பிச் சொல்லுங்கள். தவறிருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். அந்தப் பேத்தி கேட்டிராவிட்டால் எங்கள் பிழையை நாங்கள் அறிந்திருக்கமாட்டோம். அவள் பாட்டி நலமாக இருக்கிறார். மாதந்தோறும் பரிசோதனைக்கு வருகிறார். வரும்போதெல்லாம் அந்தத் தாளை நான்காக மடித்துச் சுருக்குப் பையிலிருந்து எடுத்து எங்கள்முன் விரிக்கிறார்.