ஏட்டில் ஏறாத மென்பொருள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உண்மைதான். ஆனால் இந்தக் கணினி யுகத்தில் ஏட்டில் ஏறாத சுரைக்காயும் பெருந்தொல்லை தருகிறது! பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் ஆண்டுக்கணக்காக ஓடும் பழைய மென்பொருள்களைத்தான் சொல்கிறேன். எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். விளக்கக் குறிப்பு இல்லை. எந்த சர்வரில் எது இருக்கிறது என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

இதனால் என்ன கேடு வந்துவிடும்? அமெரிக்காவில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைப் பாருங்கள்.

நைட் கேப்பிடல் என்னும் பங்கு வணிக நிறுவனம் 2012இல் புதிய நிரலைத் தன் 8 சர்வர்களில் ஏற்ற முற்பட்டது. ஏழில் ஏற்றியாயிற்று, ஒன்று விடுபட்டது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த விதி அங்கே இல்லை. 2003க்குப் பின் பயன்படுத்தாத பழைய நிரல் அந்த எட்டாவது சர்வரில் கிடந்தது. ஆகஸ்டு 1ஆம் நாள் சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டது. 45 நிமிடங்களில் நிறுவனத்துக்கு நேர்ந்த இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல்!

மற்றொன்று எக்விஃபாக்ஸ் நிறுவனத்தின் கதை. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் ஓட்டை இருப்பது 2017 மார்ச்சில் தெரியவந்தது. திருத்தமும் வெளியாயிற்று. எக்விஃபாக்ஸ் தேடியது, தேடும் கருவிக்கு அது அகப்படவில்லை. 1970களில் பிறந்த பழைய அமைப்பு ஒன்றின் வழியே மே மாதத்தில் திருடர்கள் நுழைந்தார்கள். ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் சொந்த விவரங்கள் பறிபோயின. தன்னிடம் என்னென்ன உள்ளன என்ற முழுப் பட்டியல் அந்நிறுவனத்திடம் இருக்கவில்லை.

அப்படியானால் எப்படித்தான் தேடுவது? சிலர் சர்வரை நிறுத்திவிட்டு, யார் கூச்சல் போடுகிறார்கள் என்று பார்ப்பதுண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கு முடிக்க ஒரே ஒரு நாள் ஓடும் நிரலுக்கு இன்று யார் கூச்சல் போடுவார்? எந்த சர்வர் எதனோடு பேசுகிறது, எந்த வேலை எந்த நேரத்தில் தானாக ஓடுகிறது, எந்த உரிமத்துக்கு ஆண்டுதோறும் பணம் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பழைய ஊழியர்களையும் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுத்தறியாத என் பாட்டி பால் கணக்கைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைப்பார். எந்தக் கோடு எந்த வீட்டுக்கு என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பட்டம் பெறப்போகும் நாமும் சுவரில் கோடு கிழித்துவிட்டுப் போகலாமா?

வேலை அவசரத்தில் குறிப்பு எழுத நேரம் ஏது என்பார் சிலர். அவர்களுக்கு அந்த 45 நிமிடங்களே பதில்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்முறை வகுப்பில் புது நிரல் எழுதுகிறோம், விடை வந்ததும் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குகிறோம். அதோடு, மேல் வகுப்பு மாணவர் எழுதிய நிரலைக் கீழ் வகுப்பினரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். புரியாவிட்டால் எழுதியவருக்கே மதிப்பெண்ணைக் குறையுங்கள்!

நண்பர்களே! இது எதற்கு, எங்கே ஓடுகிறது, யாரைக் கேட்பது என்ற மூன்று வரிகளை ஒவ்வொரு நிரலோடும் எழுதி வைப்போம். நாளை அதைத் தேடித் தவிக்கப்போவது நம் தம்பி தங்கையரே!